கைச்செலவுக் காசு

இரத்தினசிங்கம் மெல்பேர்ணில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பொருளாதாரம் படிப்பித்தார். மனிதன் எதை வாங்கினாலும் விற்றாலும் லாபநட்டத்தை நிறுத்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பான் என்று வருடா வருடம் புதிய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவருடைய தொழில். அப்படி ஒரு மனிதனை அவர் எங்கும் சந்தித்ததில்லை. ஆனால் சவரம் செய்யும்போது தினமும் கண்ணாடியில் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி யோகேஸ்வரியை எல்லோரும் யோகா என்றுதான் அழைப்பார்கள். நகரின் மேற்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் டொக்டர். சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களை மயக்க மருந்து கொடுத்து உறங்கவைத்து, முடிந்ததும் பத்திரமாக எழுப்பிவிடுகிற வேலை. கொழும்பில் படித்து, இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்து, எழுபத்திரண்டில் இருவரும் இங்கே வந்தார்கள். அவளுடைய படிப்புக்குத்தான் இந்த நாடு கதவைத் திறந்தது. அவர் கூடவே வந்தார். யாழ்ப்பாணத்துக்கு அவர் எழுதிய கடிதங்களில் இந்த விஷயம் தலைகீழாக இருந்தது.

யோகாவின் சம்பளம் அவருடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அந்த வீட்டில் காசுக்குச் சாதி இருந்தது. அவருடைய சம்பளம் குடும்பக் காசு. அதைத் தொடக் கூடாது. அது முதலீட்டுக்கு உரியது. அவளுடைய சம்பளம் கைச்செலவுக் காசு. வீட்டு வாடகை, கார், சாப்பாடு, கரண்ட் பில், இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் மாதம் தவறாமல் அனுப்புவது, அவருடைய தங்கையின் கலியாணம், சீதனம் எல்லாம் கைச்செலவில் நடந்தன.

"நான் உழைக்கிறது மிஞ்சுது. நீர் உழைக்கிறது என்னெண்டு இப்பிடிச் செலவாய்ப் போகுது?" என்று மாதக் கடைசியில் கேட்பார். கேலிக்காக அல்ல. உண்மையாகவே அவருக்கு அது விளங்கவில்லை.

எழுபத்திநாலாம் ஆண்டு தொடக்கத்தில் வீடு வாங்குவது என்று தீர்மானித்தார். கிளென் வேவர்லியில் ஒரு செங்கல் வீட்டைப் பார்த்து வைத்தார். தமிழர்கள் எல்லோரும் கிழக்குப் பக்கம்தான் வாங்கினார்கள். ஏன் கிழக்கு என்று கேட்டால், தமிழர்கள் எல்லோரும் அங்கேதான் வாங்குகிறார்கள் என்பார்கள். கடனுக்காக இருவரும் பாங்குக்குப் போனார்கள்.

மனேஜர் ஹாலிடேக்கு ஐம்பது வயதிருக்கும். சிவந்த முகம், குட்டை மீசை. இரத்தினசிங்கத்தின் சம்பள விவரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். யோகாவினுடையதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

"மிஸ்ஸிஸ் இரத்தினசிங்கத்தின் வருமானத்தை நான் கணக்கில் எடுக்க முடியாது. பெண்கள் வேலையை விட்டுவிடுவார்கள். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். குழந்தைகள் இருக்கிறார்களா?"

"இல்லை" என்றாள் யோகா.

"பார்த்தீர்களா? இனிமேல் பிறக்கலாம்."

"எனக்கு முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறேன்."

"அதனால் என்ன? என் மாமிக்கு நாற்பத்துமூன்றில் பிறந்தது." அவர் கணவனின் பக்கம் திரும்பினார். "குழந்தை பிறக்காது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம். இதில் சங்கடப்பட எதுவும் இல்லை. பலரும் கொண்டுவருகிறார்கள்."

"நானே டாக்டர்தான்" என்றாள் யோகா.

ஹாலிடே நன்றாகச் சிரித்தார். "உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ள முடியாதே, அம்மணி."

இரத்தினசிங்கமும் சிரித்தார். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "அவளுடைய சம்பளம் எங்கள் கைச்செலவுக்குத்தான். குடும்பம் என்னுடையதில் நடக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மனேஜர் மறுபடி தலையாட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மிகவும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

பிறகு மனேஜர், வேறு சொத்து ஏதாவது உண்டா என்று கேட்டார். இரத்தினசிங்கம் கைப்பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து வைத்தார். கிரான்பர்ன் பக்கம் புது நகரம் ஒன்று எழும்பப் போகிறது என்று சொல்லி நிலப் பங்கு விற்ற ஒரு கம்பனியின் பத்திரம். தடித்த காகிதம், சிவப்பு முத்திரை. இரண்டு வருடக் குடும்பக் காசு முழுவதும் அதில் இருந்தது.

"புத்திசாலித்தனமான முதலீடு" என்றார் ஹாலிடே. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பத்திரத்தை விற்றவர் பெல்லமி என்ற ஆங்கிலேயர். வெள்ளை முடி, உள்கோட்டு, வானொலிச் செய்தி வாசிக்கிறவர்களைப் போன்ற பேச்சு. இரத்தினசிங்கத்துக்குப் பூப்போட்ட கோப்பையில் தேநீர் கொடுத்திருக்கிறார். தெருமுனை இத்தாலியனிடம் தக்காளி வாங்கினால் மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணுகிற இரத்தினசிங்கம், பெல்லமி நீட்டிய பத்திரத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். "அவர் இங்கிலாந்து ஆள், யோகா. இஞ்சத்தைய வெள்ளையள் மாதிரி இல்லை. கதைக்கிற விதத்திலையே தெரியும்" என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னார். இங்கிலாந்தில் ஆறு வருடம் இருந்து, வாடகை வீட்டு முற்பணத்தை இரண்டு இங்கிலாந்துக்காரரிடம் பறிகொடுத்த பிறகு இப்படிச் சொன்னார்.

பாங்குக்குப் போய்வந்த சில கிழமைகளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நிலத்தைப் பார்க்கப் போனார்கள். இரத்தினசிங்கத்தின் நண்பர் வரதராஜாவும் மனைவி ரஞ்சினியும் கூட வந்தார்கள். வரதராஜா ரயில்வேயில் எஞ்சினியர். அவரும் பெல்லமியிடம் பங்கு வாங்கியிருந்தார். ரஞ்சினி ஊரில் ஆசிரியை. இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள்.

புது நகரம் இருந்த இடத்தில் மாடுகள் நின்றன. முதல் நாள் பெய்த மழைத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. இரத்தினசிங்கம் முள்ளுக்கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையை நீட்டினார்.

"அந்தா, அந்த மரத்தடியிலை பிரதான வீதி வரும். இந்தப் பக்கம் கடையள். பள்ளிக்கூடம் அங்காலை."

"அங்காலை முழுக்கத் தண்ணியெல்லோ நிக்குது?" என்றாள் ரஞ்சினி.

"அது வடியும்."

"எங்கை வடியும்? சுத்திவர இதைவிட மேடு."

வரதராஜாவின் முகம் வாடியிருந்தது. "அண்ணை, நீங்கள் பொருளாதாரம் படிச்ச ஆள். நீங்கள் காசு போட்டபடியால்தான் நானும் போட்டனான்."

இரத்தினசிங்கம் திரும்பிப் பார்த்தார். "என்ன கதை இது? நீர் முதல் போட்டுட்டீர் எண்டெல்லோ பெல்லமி எனக்குச் சொன்னவர்? எஞ்சினியர் ஒருத்தர் நிலத்தைப் பாத்து வாங்கியிருக்கிறார் எண்டுதான் நான் கையெழுத்து வைச்சனான்."

"நான் நிலத்தைப் பாக்கவே இல்லையண்ணை. இண்டைக்குத்தான் பாக்கிறன்."

யோகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போதாவது விளங்கும் என்று அவள் நினைத்தாள். இரத்தினசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"பிழை அவரிலை இல்லை. எங்கடை பேரெல்லாம் அவருக்கு ஒரே மாதிரித்தானே கேக்கும். மாறிச் சொல்லியிருப்பார்."

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றார் வரதராஜா. அவருடைய முகம் தெளிந்தது. இரண்டு படித்த மனிதர்களும் சேற்றில் சப்பாத்தை இழுத்து இழுத்துக் காருக்கு நடந்தார்கள். திரும்பும் வழியெல்லாம் புது நகரத்தில் கோயில் கட்ட இடம் கேட்பது பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே, யோகா தலைமைத் தாதியிடம் பாங்கில் நடந்ததைச் சொன்னாள். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மிஸ்ஸிஸ் வெல்லா துடைப்பத்தை நிறுத்தினாள். மால்ட்டா நாட்டு விதவை. எப்போதும் கறுப்பு உடை. கணவன் போய் ஒரு வருடம் ஆகவில்லை.

"டொக்டர், உனக்கு வீடு வேண்டுமா? என்னிடம் வீடு இருக்கிறது. யாராவில் என்ற இடத்தில். நான் மகளிடம் போகிறேன், விற்க வேண்டும். பாங்க் வேண்டாம். நீ மாதாமாதம் எனக்குக் கட்டு."

யோகா புன்னகைத்து, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். யாராவில்! அந்தப் பக்கம் பலகை வீடுகள், தொழிற்சாலைப் புகை, கொல்லையில் கோழி வளர்க்கிற சனம். எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. துடைப்பம் பிடிக்கிறவளின் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்திருந்தது. தான் தினமும் காரில் போய்வரும் வழிக்குப் பக்கத்தில்தான் அந்தத் தெரு என்பதும், அங்கே ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை என்பதும் அவள் நினைவுக்கு வரவில்லை. இந்த விஷயத்தில் அவளும் புருஷனுக்கு ஏற்ற மனைவிதான்.

இரண்டாம் தடவை பாங்குக்குக் கூப்பிட்டது ஜூன் மாதத்தில். அரசாங்கம் கடன் கொடுப்பதை இறுக்கிக்கொண்டிருந்த நேரம். இரத்தினசிங்கம் உற்சாகமாக இருந்தார். "எல்லாம் சரிவரும். நான் ஒழுங்குபடுத்தியிருக்கிறன்" என்றார். என்ன ஒழுங்கு என்று சொல்லவில்லை.

ஹாலிடே மேசையில் ஒரு கடிதம் விரித்து வைத்திருந்தார்.

"டாக்டர் சிறிதரனின் கடிதம் கிடைத்தது. மிகவும் உதவியாக இருந்தது." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்ன சிகிச்சை, பர்மிங்காமில் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது, அதற்குப் பிறகு நடந்த அறுவை, இனி வாய்ப்பில்லை என்ற முடிவு. அவர் வாசிக்கிற விதத்தில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. காரின் பழுதுகளை வாசிக்கிறவர் போலத் தெளிவாக, நிதானமாக வாசித்தார்.

சிறிதரன் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு ஒரு வருடம் இளையவன். இப்போது பர்வுட்டில் வைத்தியம் பார்க்கிறான். பர்மிங்காமில் நடந்ததை அவள் அவனுக்குச் சொன்னதில்லை. அவளுடைய தாய்க்குக்கூடத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, "இது எங்களுக்குள்ளை இருக்கட்டும் யோகா" என்று கையைப் பிடித்துச் சொன்னவர் இதோ பக்கத்துக் கதிரையில், பரீட்சை முடிவை எதிர்பார்க்கிற மாணவன் போல உட்கார்ந்திருந்தார்.

யோகாவுக்குக் காது அடைத்தது. மயக்க மருந்து ஏறும்போது சத்தங்கள் தூரப் போவதாக நோயாளிகள் சொல்வார்கள். அது போல இருந்தது.

"ஆகவே குழந்தை பற்றிய பிரச்சினை தீர்ந்தது" என்றார் ஹாலிடே. கண்ணாடியைக் கழற்றினார். "ஆனால் இப்போது வேறொரு சிக்கல். குழந்தை இல்லாத தம்பதிகள் பிரிந்துவிடுகிறார்கள். பிடித்துவைக்க ஒன்றும் இல்லை அல்லவா? அம்மணி ஒரு நாள் தன் நாட்டுக்குப் போய்விட்டால் பாங்க் என்ன செய்வது? இதை நான் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்."

"எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்றாள் யோகா. தன் குரல் வெளியே வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"என்ன?"

"குழந்தை இல்லாமல் பிரிந்தவர்கள். எத்தனை பேர்?"

ஹாலிடே யோசித்தார். "என் மனைவியின் தங்கை" என்றார்.

"வேறு யார்?"

"எண்ணிக்கை முக்கியமில்லை, மிஸ்ஸிஸ் இரத்தினசிங்கம். இது வெறும் பொது அறிவு."

இரத்தினசிங்கம் அவசரமாகக் குறுக்கே வந்தார். "பாதிச் சம்பளத்தையாவது எடுத்துக்கொள்ளலாமா? அவள் எங்கும் போகமாட்டாள். எங்கள் பெண்கள் அப்படி இல்லை."

யோகா எழுந்து, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டிக் கடிதத்தை எடுத்தாள். "அது பாங்குக்கு உரியது" என்றார் மனேஜர். "என்னுடைய உடம்பைப் பற்றியது" என்று சொல்லி, இரண்டாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

காரில் அவர்தான் பேசினார். "ஏன் இப்ப கோவிச்சனீர்? ஒரு துண்டுக் கடதாசிதானே? அந்த மனிசன் பாதிக்குச் சம்மதிச்சிருப்பான். நீர் எழும்பி வந்து பழுதாக்கிப்போட்டீர்."

"சிறிதரனுக்கு ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான். வேறை ஆர் சொல்லுறது? அவனும் டொக்டர்தானே, வெளியிலை விடமாட்டான். எல்லாம் எங்கடை வீட்டுக்காகத்தானே யோகா."

அன்று இரவு யோகா சமைக்கவில்லை. பக்கத்து அறையில் படுத்தாள். இரத்தினசிங்கம் பாணும் ஜாமும் சாப்பிட்டுவிட்டு, பெண்களின் மனநிலை மாதத்துக்கு மாதம் மாறும் என்று தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டு நன்றாகத் தூங்கினார்.

அடுத்த சனிக்கிழமை யோகா தனியாக யாராவிலுக்குப் போனாள். நல்ல சேலை கட்டி, காப்புகள் போட்டுக்கொண்டு போனாள். பலகை வீடுதான். ஆனால் கூரை நேராக இருந்தது, குசினியில் வெயில் விழுந்தது, பின்னால் ஒரு எலுமிச்சை மரம் காய்த்து நின்றது. கோழிகளும் இருந்தன, அவளைக் கண்டு ஓடின. அறைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எந்த இடத்தில் ஏமாற்றுவார்கள் என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை என்றபோது சந்தேகம் இன்னும் கூடியது.

மிஸ்ஸிஸ் வெல்லா தடித்த கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். விலை சொன்னாள். யோகா பாதியில் தொடங்கினாள். மிஸ்ஸிஸ் வெல்லா மேலே கையைக் காட்டி, செத்துப்போன கணவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். கடைசியில் இருவருக்கும் ஒத்துவந்தது. முற்பணம் கொஞ்சம், மீதி மாதாமாதம், முழுவதும் கட்டி முடிந்ததும் வீட்டின் உறுதிப் பத்திரம் யோகாவின் பெயருக்கு மாறும்.

"ஏன் பாங்கில் போடாமல் தவணையாக வாங்குகிறீர்கள்?" என்று யோகா கேட்டாள்.

"மொத்தமாக வாங்கினால் என் மகன் எடுத்துக் குதிரைப் பந்தயத்தில் கட்டுவான்."

யோகா கைப்பையைத் திறந்து தன் சம்பளத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் தவறாமல் கட்டுவாள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி? மிஸ்ஸிஸ் வெல்லா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. யோகாவின் கையைப் பிடித்துக் காப்புகளைத் தடவினாள்.

"பொன்னா?"

யோகா தயங்கித் தலையாட்டினாள்.

"கழுத்தில் இருப்பதும்?"

"ஆமாம்."

"போதும். பொன் போட்ட பெண் கடனை வைக்கமாட்டாள். என் அம்மா அப்படித்தான். உங்கள் ஆண்கள் குடிக்கவும் மாட்டார்கள். எனக்குத் தெரியும்."

இரத்தினசிங்கத்தின் அலுமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்த பிராண்டிப் போத்தல் யோகாவுக்கு நினைவு வந்தது. அந்த ஆறு காப்பில் நாலு வெறும் முலாம். அசல் நாலும் புருஷனின் தங்கையின் கலியாணத்தோடு போய்விட்டன. உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். பிறகு மேசையில் யாரும் சீண்டாமல் கிடந்த சம்பளத் துண்டைப் பார்த்தாள். பன்னிரண்டு வருட வேலையை மனேஜர் கவிழ்த்து வைத்தார். இவள் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. நாலு முலாம் காப்பு அவளுக்கு வீடு வாங்கித் தந்தது. யோகா வாயை மூடிக்கொண்டு கோப்பியைக் குடித்தாள்.

வக்கீல் ஒருவரிடம் போய் ஒப்பந்தம் எழுதினாள். பெயர் அவளுடையது மட்டும். பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

"யாராவிலா?" இரத்தினசிங்கம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "உமக்கு விசரா? இத்தாலியனும் மால்ட்டாக்காரனும் இருக்கிற இடத்திலை வீட்டு விலை ஏறினதா எங்கையாவது கேள்விப்பட்டனீரா? பலகை வீடு! நாலு பேர் என்ன சொல்லுவினம்?"

"நாலு பேருக்கு நான் வாங்கேல்லை."

"என்னைக் கேக்காமல் என்ரை காசிலை..."

"உங்கடை காசு கிரான்பர்னிலை நிக்குது. தண்ணிக்குள்ளை. இது கைச்செலவுக் காசு."

யோகா அரிசி மூட்டை, சட்டி பானை, தன் புத்தகங்கள், உடுப்புகள் எல்லாவற்றையும் காரில் இரண்டு நடையாக ஏற்றிப் போனாள். நீங்களும் வாருங்கள் என்று சொன்னாள்; வற்புறுத்தவில்லை. வாடகை வீட்டில் அவர் பத்து நாள் மானத்தோடு இருந்தார். மாத வாடகை கட்ட வேண்டிய நாள் வந்தது. அதற்குக் குடும்பக் காசில் கைவைக்க வேண்டும். அது கொள்கைக்கு ஒவ்வாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவிலுக்கு வந்தார். எலுமிச்சை மரம் வடக்கே நிற்பது சாஸ்திரப்படி பிழை என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

அந்த வருடம் இலைகள் தளிர்த்த நேரத்தில் பெல்லமியின் கம்பனி மூடப்பட்டது. புது நகரத்துக்கு என்று விற்ற நிலம் கம்பனிக்குச் சொந்தமே இல்லை. ஒரு விவசாயியிடம் முன்பணம் மட்டும் கட்டி வைத்திருந்தார்களாம். பெல்லமி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வரதராஜாவும் ரஞ்சினியும் யாராவிலுக்கு வந்தார்கள். ஆண்கள் இருவரும் முன் அறையில் சாவு வீட்டைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"அரசாங்கம் கடனை இறுக்கினதுதான் காரணம்" என்றார் இரத்தினசிங்கம். "பாவம், அந்த மனிசனும் எவ்வளவு நட்டப்பட்டிருப்பார்."

"கூட நிண்ட கணக்காளன் ஒரு லெபனான்காரனாம் அண்ணை."

"அதுதானே பாத்தன்!" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வருடக் குடும்பக் காசு போன துக்கத்தில் பாதி அந்தச் செய்தியோடு குறைந்தது. பெல்லமி கெட்டுப்போனது எப்படி என்று விளங்கிவிட்டது.

குசினியில் ரஞ்சினி தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். சிறிதரனின் மனைவி வாய்வழியாக அந்தக் கடித விஷயம் கிழக்குப் பக்கம் முழுவதும் பரவியிருந்தது. ரஞ்சினிக்கும் தெரியும். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக யோகா அவளிடம் மிகவும் நன்றியாக இருந்தாள்.

"யோகா அக்கா, என்ரை சம்பளமும் அவற்றை கணக்குக்குத்தான் போகுது. தொழிற்சாலைக் காசு எண்டு சிரிப்பார். ஆனா அதையும் பெல்லமிக்குத்தான் குடுத்தவர்."

"நாளைக்கே உன்ரை பேரிலை ஒரு கணக்குத் திற."

"அவர் என்ன சொல்லுவாரோ?"

"ஏதாவது சொல்லுவார். சொல்லட்டும்."

ரஞ்சினி அதைச் செய்ய ஆறு மாதம் எடுத்தது. ஆனால் செய்தாள்.

யோகா மிஸ்ஸிஸ் வெல்லாவுக்கு ஒரு மாதமும் தவறாமல் கட்டினாள். கிழவி ஒவ்வொரு மாதமும் காசு கிடைத்ததும் மகள் வீட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, பொன் போட்ட பெண்ணைப் பற்றித் தன் கணிப்பு பிழைக்கவில்லை என்று பெருமைப்பட்டாள். யோகா மறுக்கவில்லை.

இரத்தினசிங்கம் மனம் தளரவில்லை. எழுபத்தாறில் குவீன்ஸ்லாந்துக் கரையோரம் ஒரு துண்டு நிலம் வாங்கினார். விற்றவர் ஸ்கொட்லாந்துக்காரர், ஸ்கொட்லாந்துக்காரர் காசு விஷயத்தில் கவனமானவர்கள் என்பது உலகத்துக்கே தெரியும். யோகாவிடம் கொஞ்சம் கைச்செலவுக் காசு கேட்டார். அவள் இல்லை என்றாள். கோபித்துக்கொண்டு தன் சம்பளத்திலேயே வாங்கினார். இந்தத் தடவை நிலம் உண்மையாகவே இருந்தது. அது மட்டுமல்ல, பக்கத்தில் ஒரு ஹோட்டல்காரனுக்குக் கார் நிறுத்த இடம் தேவைப்பட்டு, ஒன்றரை மடங்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டான். ஹோட்டல் வரும் என்று இரத்தினசிங்கத்துக்கு வாங்கும்போது தெரியாது. விற்ற பிறகு தெரிந்திருந்தது. கிரான்பர்னில் போனதில் கால்பங்குகூடத் திரும்பி வரவில்லை. ஆனால் கிரான்பர்ன் அரசாங்கத்தின் பிழை, குவீன்ஸ்லாந்து அவருடைய திறமை. அதற்குப் பிறகு அந்த மனிதரை யாராலும் பேசி வெல்ல முடியவில்லை.

எழுபத்தேழில் தமிழர் சங்கத்தில் 'புலம்பெயர்ந்தோருக்கு முதலீடு' என்ற தலைப்பில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். யோகாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை. மறுநாள் காலை ரஞ்சினி தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். மண்டபம் நிறைந்த சனமாம். கடைசியில் ஒரு இளைஞன் எழுந்து, வீடு எந்தப் பக்கம் வாங்குவது நல்லது என்று கேட்டானாம்.

"அதுக்கு உங்கடை அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'எல்லாரும் கிழக்கை ஓடேக்கை நான் துணிஞ்சு யாராவிலிலை வாங்கினனான். எல்லாரும் சிரிச்சவை. சந்தையை உணர்ச்சிவசப்படாமல் பாக்கவேணும்' எண்டவர். சனம் கைதட்டினது அக்கா. சிறிதரனும் முன்வரிசையிலை இருந்து தட்டினவன்."

"ம்."

"நான் எழும்பிச் சொல்லியிருப்பன். இவர் கையைப் பிடிச்சு இருத்திப்போட்டார். உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

யோகா குசினி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். இரத்தினசிங்கம் கொல்லையில் நின்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலிக்கு மேலால் கையை நீட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அவருடன் அவள் மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். சமைத்துப் போடுகிறாள், காய்ச்சல் வந்தால் பார்க்கிறாள். தன்னைப் பற்றி ஒரு சொல் அவரிடம் சொன்னதில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கோவப்பட இப்ப நேரமில்லை ரஞ்சினி. ஒன்பது மணிக்கு ஒரு வயித்து அறுவை இருக்குது. நான் போட்டு வாறன்" என்று ரிசீவரை வைத்துவிட்டு, கார்ச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டாள்.